மாவட்ட வருமான அட்டவணை: தருமபுரியிலிருந்து ஒரு மதிப்புரை

எந்த மாவட்டம் வசதியானது, எது பின்தங்கியது என்ற கேள்வியைத் தருமபுரியில் யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், தொழில் தொடங்க வங்கியிடம் திட்ட அறிக்கை கொடுப்பவர்கள், கிராம சபையில் நிதி கேட்டு எழுந்து பேசுபவர்கள், தேர்தல் மேடையில் 'பின்தங்கிய மாவட்டம்' என்று முழங்குபவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து சேரும் இடம் ஒன்றுதான். அது மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை கணக்கிடும் மாவட்டவாரித் தனிநபர் வருமான அட்டவணை. அது காசில்லாமல் கிடைக்கிறது. ஒரே பக்கத்தில் அடங்குகிறது. மாவட்டத்துக்கு ஓர் எண் என்பதால் மேலிருந்து கீழாக அடுக்கிவிட முடிகிறது. போட்டித் தேர்வு வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் இந்த அட்டவணையையும், அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வேறு சில வெளியீடுகளையும் நான் அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கிறது. அவற்றில் எது எந்த வேலைக்கு உதவும், எது உதவாது என்பதைத் தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் முன்னிறுத்திப் பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உற்பத்தி எங்கே நடக்கிறது என்பதை அறிய இந்த அட்டவணை நல்ல கருவி. யார் வீட்டில் பணம் இருக்கிறது என்பதை அறிய அது மோசமான கருவி. பெரும்பாலோர் அதை இரண்டாவது வேலைக்கே பயன்படுத்துகிறார்கள்.

இதற்குக் காரணம் அட்டவணை தயாராகும் முறையிலேயே இருக்கிறது. மாவட்ட உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் ஓராண்டில் உருவான பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் நிகர மதிப்பு. வேளாண்மைக்குச் சாகுபடிப் பரப்பும் விளைச்சலும் மாவட்டவாரியாகவே கிடைப்பதால் அந்தப் பகுதி ஓரளவு நேரடியான கணக்கு. பதிவு பெற்ற ஆலைகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தொழிற்சாலைகள் ஆய்வு உதவுகிறது. ஆனால் ரயில்வே, வங்கி, தகவல் தொடர்பு, அரசு நிர்வாகம் போன்ற துறைகளில் மாநிலத்துக்கு ஒரு மொத்தத் தொகையைக் கணித்து, அதைப் பணியாளர் எண்ணிக்கை போன்ற ஏதாவது ஒரு குறியீட்டைக் கொண்டு மாவட்டங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். பதிவு பெறாத சிறு தொழில்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். இப்படிச் சேர்த்த தொகையை மாவட்ட மக்கள்தொகையால் வகுத்தால் தனிநபர் வருமானம் கிடைத்துவிடுகிறது. ஆகவே 'தனிநபர் வருமானம்' என்று தலைப்பிட்டிருந்தாலும் அது எந்தத் தனிநபரிடமும் கேட்டுப் பெற்ற வருமானம் அன்று. உள்ளே உருவான மதிப்பை உள்ளே வாழும் தலைகளால் வகுத்த ஈவு மட்டுமே அது.

இந்த வேறுபாடு எல்லா மாவட்டத்திலும் ஒரே அளவில் தொல்லை தருவதில்லை. உழைப்பவரும் உழைக்கும் இடமும் ஒரே மாவட்டத்தில் இருந்தால் தொல்லை குறைவு. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அப்படி இல்லை. இரண்டும் பெங்களூருவின் வாசலில் இருப்பவை. ஒன்று ஆலைகளை உள்ளே வாங்கிக்கொண்டது, மற்றது ஆட்களை வெளியே அனுப்புகிறது.

கிருஷ்ணகிரியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓசூரில் 1970-களில் தொடங்கிய சிப்காட் வளாகமும், அதையொட்டி வந்த அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற ஆலைகளும், அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் எழுந்த மின் ஸ்கூட்டர் ஆலையும், ஓசூருக்கு அருகே வந்த மின்னணு உதிரிபாக ஆலையும் சேர்ந்து மாவட்ட உற்பத்தியை வெகுவாக உயர்த்தியிருக்கின்றன. ஓர் ஆலையில் உருவாகும் நிகர மதிப்பில் கூலி, சம்பளம் மட்டுமல்லாமல் வட்டி, வாடகை, இலாபம் ஆகியவையும் அடங்கும். அவை அனைத்தும் ஆலை நிற்கும் மாவட்டத்தின் கணக்கில் ஏறுகின்றன. இலாபம் சென்னையிலும் மும்பையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்குதாரர்களுக்குப் போய்ச் சேர்ந்தாலும், அட்டவணையைப் பொறுத்தவரை அது அஞ்செட்டி மலைக் கிராமத்தில் கேழ்வரகு விதைக்கும் குடும்பத்துக்கும் சரிபங்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டதாகவே பொருள்படுகிறது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்து ஓசூர் ஆலையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கர்நாடகத்துக்குத் திரும்பும் ஊழியரின் சம்பளமும் கிருஷ்ணகிரியின் உற்பத்தியே. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு. ஓசூரில் குடியிருந்துகொண்டு தினமும் பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வரும் மென்பொருள் ஊழியரின் சம்பளம் கிருஷ்ணகிரிக் கணக்கில் வராது. அது கர்நாடகத்தின் உற்பத்தி. ஆனால் வகுக்கும் எண்ணில் அவர் கிருஷ்ணகிரிக்காரர். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தருமபுரியின் நிலை இதற்கு நேர்மாறு. இங்கிருந்து பெங்களூரு, திருப்பூர், கோயம்புத்தூர், கேரளம் ஆகிய இடங்களுக்குக் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போகிறவர்கள் மிகுதி. பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதைக் கண்ணாலேயே காணலாம். ஊரின் பழைய ஓட்டு வீட்டு வரிசையில் நடுவே ஒரு புது மாடி வீடு நிற்கும். முன்பக்கச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், மொட்டை மாடியில் கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டி இருக்கும், வாசற்கதவில் பூட்டுத் தொங்கும். கம்பி கட்டும் வேலையிலும் சென்ட்ரிங் வேலையிலும் சேர்த்த பணத்தில் கட்டிய வீடு அது. மகனும் மருமகளும் பெங்களூருவில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்க, தாயும் தகப்பனும் பின்பக்கத்துப் பழைய வீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள். பண்டிகைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் பூட்டுத் திறக்கும். இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கூலிப் பணத்தில் ஒரு ரூபாயும் தருமபுரியின் உள்நாட்டு உற்பத்தியில் இல்லை; அந்த உழைப்பு கர்நாடகத்தின் கட்டுமானத் துறையில் பதிவாகிவிட்டது. உள்ளூர் மேஸ்திரி வீட்டைக் கட்டிக் கொடுத்ததற்கான கூலியும், செங்கல், மணல் வண்டி வாடகையும் மட்டுமே தருமபுரிக் கணக்கில் சேரும். ஆகவே அட்டவணை காட்டுவதைவிடத் தருமபுரியின் வீடுகளில் புழங்கும் பணம் அதிகமாக இருக்கும் என்றே நான் மதிப்பிடுகிறேன். கிருஷ்ணகிரியின் வீடுகளில், குறிப்பாகத் தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில், அது காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இப்படிச் சொல்வதால் தருமபுரி ஏழை மாவட்டம் அன்று என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலச் சராசரி 80.09. அப்போதிருந்த 32 மாவட்டங்களில் கடைசி இடம் தருமபுரிக்கே. மாநில மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நகரங்களில் வாழ்ந்தபோது இங்கே நகரவாசிகள் 17 சதவீதத்தினர்தான். பற்றாக்குறை உண்மை. ஆனால் அந்தப் பற்றாக்குறையின் அளவைக் கிருஷ்ணகிரியோடு ஒப்பிட இந்த அட்டவணை தரும் இடைவெளி நம்பத்தக்கதா என்பதே கேள்வி. அதே 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரியின் எழுத்தறிவு 71.46 சதவீதம், கடைசியிலிருந்து மூன்றாவது இடம். வருமான அட்டவணையில் வெகு தூரம் விலகி நிற்கும் இரண்டு மாவட்டங்கள் எழுத்தறிவில் ஒரே தெருவின் கடைக்கோடி வீடுகளாக இருக்கின்றன. ஆலை வாசலில் உருவான மதிப்பு பள்ளிக்கூட வாசல் வரை அதே அளவில் வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கினால் இந்தச் சான்று இன்னும் வலுக்கிறது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில், 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை, ஓசூரும் அடக்கம். மாநில அரசு 2003-இல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடம் பெற்றது அந்த ஒன்றுபட்ட தருமபுரிதான். அதன் குறியீடு 0.584, முதலிடம் பெற்ற சென்னைக்கு 0.757. அதாவது லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் தயாரித்து நாடு முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு நகரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டே ஒரு மாவட்டம் கடைசி இடத்தில் இருந்தது. பிரிவினைக்குப் பிறகு அந்த நகரம் ஒரு பக்கம் போய்விட்டதால், ஒரே நாளில் ஒரு மாவட்டத்தின் சராசரி உயர்ந்தது, மற்றதன் சராசரி தாழ்ந்தது. யாருடைய சட்டைப் பையிலும் ஒரு பைசாகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாவட்ட எல்லைக் கோட்டை நகர்த்தியதால் மட்டுமே செல்வ வரிசை மாறும் என்றால், அந்த வரிசையை எடுத்துக்கொண்டு மேடை ஏறுபவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். 2019-இலும் 2020-இலும் மாவட்டங்கள் பிரிந்து 38 ஆகிவிட்ட நிலையில், வேலூர், விழுப்புரம், காஞ்சிபுரம் முதலியவற்றின் பழைய ஆண்டு எண்களைப் புதிய ஆண்டு எண்களோடு ஒப்பிடுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வகுக்கும் எண்ணையும் பற்றி ஒரு சொல். 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்காததால் ஒவ்வோர் ஆண்டும் பழைய வளர்ச்சி வேகத்தை வைத்துக் கணித்த மக்கள்தொகையே பயன்படுகிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் கிருஷ்ணகிரி 20.4 சதவீதம் வளர்ந்து 18,79,809 பேரைத் தொட்டது, தருமபுரி 16.3 சதவீதம் வளர்ந்து 15,06,843 ஆனது. அதற்குப் பிறகு வந்த புதிய ஆலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து ஓசூரைச் சுற்றி விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கியிருப்பவர்களைப் பழைய வேகம் முழுவதுமாகப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் செய்யும் உற்பத்தி வகுபடும் எண்ணில் முழுமையாக ஏறி, அவர்கள் தலை வகுக்கும் எண்ணில் குறைவாக ஏறினால், விடை வீங்கித்தான் வரும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று என்பதால், தீர்வு கண்டவர்களின் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்குள் நம் மாவட்டங்களைப் போல இருக்கும் கவுண்டிகளின் செல்வத்தை ஒப்பிட விரும்புபவர்களுக்கு அந்நாட்டின் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை ஆண்டுதோறும் ஓர் அட்டவணை தருகிறது. அதில் கவுண்டிக்குள் உருவான உற்பத்தியும், கவுண்டிக்குள் வசிப்பவர்கள் பெற்ற வருமானமும் வெவ்வேறு வெளியீடுகள். இரண்டாவதில், ஒரு கவுண்டியில் வேலை செய்து இன்னொன்றில் குடியிருப்பவரின் சம்பளம், குடியிருக்கும் இடத்துக்கு மாற்றி எழுதப்படுகிறது. பங்கு ஈவுத்தொகை, வட்டி, அரசு உதவித் தொகை ஆகியவையும் சேர்க்கப்படுகின்றன. இவ்வளவு கவனம் எடுத்தும் அங்கே இன்னொரு கோணல் நிற்கிறது. அந்த அட்டவணையில் பல ஆண்டுகளாக நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பது வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கவுண்டி. மலையும் பனிச்சறுக்கும் உள்ள அந்தச் சிறு பகுதியில் குடியேறிய சில பெருஞ்செல்வர்களின் முதலீட்டு வருமானம் சராசரியை உச்சிக்கு ஏற்றிவிட்டது. அங்கேயே உணவகத்தில் தட்டு எடுப்பவரின் வருமானத்தை அது சொல்லாது. அதற்காகவே அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறை, எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தைத் தனியாக வெளியிடுகிறது. நம் மாவட்டங்களுக்கு அந்த நடுக்குடும்பத்தின் எண் இல்லை. நம்மிடம் இருப்பது சராசரி மட்டுமே.

சராசரி எதை மறைக்கிறது என்பதற்குக் கிருஷ்ணகிரிக்குள்ளேயே பயணம் செய்தால் போதும். 2019-இல் மாநகராட்சியான ஓசூரின் பாகலூர் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கார் விற்பனைக் கூடங்களும் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி நோக்கிப் போகப் போகப் பேருந்தின் இடைவெளி கூடுகிறது, பாசனக் கிணறுகள் குறைகின்றன, மழையை நம்பிய கேழ்வரகும் கொள்ளும் துவரையும் வருகின்றன. இவ்விரண்டும் ஒரே மாவட்டம், ஒரே எண். மாவட்டத்தின் கிழக்கே ஊத்தங்கரைப் பக்கம் நிலைமை வேறு. காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் வேறு. மாம்பழக் கூழ் ஆலையில் உருவாகும் மதிப்பு ஆண்டு முழுதும் கணக்கில் தெரியும். பெங்களூரா ரக மாங்காய் விலை அறுவடைக் காலத்தில் சரிந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் தோப்பில் விட்டுவிடும் விவசாயியின் நட்டம், பிற துறைகளின் உயர்வுக்குள் கரைந்துவிடும். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்கும் இதே கதைதான். மாவட்டத்தை ஒரே எண்ணாகச் சுருக்குவதில் இருக்கும் இந்த இழப்பை ஒன்றியவாரி எண்கள் ஓரளவு ஈடுகட்டும்; ஆனால் வருமான அட்டவணை ஒன்றியம் வரை இறங்குவதில்லை.

இனி மாற்றுகளைப் பார்க்கலாம். முதலாவது, மாநிலத் திட்டக் குழு 2017-இல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கை. வாழ்க்கைத் தரம், உடல்நலம், கல்வி ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட்டதால், ஆலைப் புகைக்கூண்டை மட்டும் பார்த்து மயங்காத வெளியீடு இது. இதில் முதலிடம் கன்னியாகுமரிக்கு, குறியீடு 0.944, கடைசி இடம் அரியலூருக்கு, 0.282. இவ்வளவு அகன்ற இடைவெளியைக் கண்டு அரியலூர் ஏதோ வேறு நாட்டில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. 2003 அறிக்கையில் முதலுக்கும் கடைசிக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.173 மட்டுமே. இரண்டும் கணக்கிட்ட முறையே வேறு என்பதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து 'வளர்ந்தது', 'தேய்ந்தது' என்று எழுதும் வினா-விடைப் புத்தகங்களைத் தேர்வர்கள் ஒதுக்கிவிடுவதே நல்லது. குறியீடுகள் எவ்வளவு எளிதில் ஒன்றோடொன்று முரண்படும் என்பதற்கு விருதுநகரே போதும். 2017 மாநில அறிக்கையில் அது முன்வரிசை மாவட்டங்களுள் ஒன்று. 2018-இல் நிதி ஆயோக் நாடு முழுவதும் பின்தங்கியவற்றை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரத்தோடு அதே விருதுநகர் இடம்பெற்றது. தருமபுரி அந்தப் பட்டியலில் இல்லை.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்ற மூன்று தலைப்புகளில் 12 குறிகாட்டிகளைக் கொண்ட அது, பீகாரையும் கேரளத்தையும் ஒப்பிடச் சிறந்தது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி அந்த வறுமை 2.2 சதவீதமாகச் சுருங்கிவிட்டதால், மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் கூர்மை அதற்கு இங்கே குறைந்துவிட்டது.

என் பார்வையில் உண்மையான போட்டி 2011 கணக்கெடுப்பின் வீட்டு வசதி, உடைமைகள் அட்டவணைதான். வீட்டுக் கூரை, சுவர், தரை எதனால் ஆனவை, எத்தனை அறைகள், குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, எந்த எரிபொருளில் சமையல், வங்கிக் கணக்கு, தொலைக்காட்சி, மிதிவண்டி, இருசக்கர வாகனம், கார் உண்டா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதியது அது. மாதிரி ஆய்வு அன்று, முழுக் கணக்கெடுப்பு. கிராமம், நகர வார்டு வரை எண்கள் கிடைக்கின்றன. பெங்களூருப் பணத்தில் கட்டிய பென்னாகரத்து மாடி வீடு, வருமான அட்டவணையின் கண்ணில் படாவிட்டாலும், கான்கிரீட் கூரை என்ற கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடும். மேலே சொன்ன உடைமைகளில் எதுவுமே இல்லாத வீடுகளுக்கென்று ஒரு தனிக் கட்டமும் உண்டு. ஏழ்மையை ஒப்பிட நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

ஆனால் இந்த அட்டவணையையும் தமிழ்நாட்டுக்காரர் தமிழ்நாட்டு அறிவோடு படிக்க வேண்டும். தொலைக்காட்சி உள்ள வீடுகள் இந்தியாவில் 47 சதவீதமாக இருந்தபோது தமிழ்நாட்டில் சுமார் 87 சதவீதமாக இருந்தன. 2006 முதல் 2011 வரை அரசு வீடுவீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததை அறியாத ஒருவர் அதை வசதியின் அடையாளமாக எடுத்துக்கொள்வார். மாவட்டங்களை ஒப்பிடுகையில் அந்தக் கட்டத்தை முழுவதுமாக விட்டுவிடலாம். 2011-க்குப் பின் மின்விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் அதே வழியில் வீட்டுக்குள் வந்தன. இருசக்கர வாகனமும் கூரையும் அறை எண்ணிக்கையும் நம்பத்தக்கவை. இன்னொரு குறை, பழமை. வீட்டுக் கணக்கெடுப்பு நடந்தது 2010-இல். புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டு வந்த இந்த இரு மாவட்டங்களுக்கும் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது 2013-இல். தூய்மை இந்தியா திட்டத்தின் கழிப்பறைகள் 2014-க்குப் பிறகும், உஜ்வலா எரிவாயு இணைப்புகள் 2016-க்குப் பிறகும் வந்தவை. ஆகவே குடிநீர், கழிப்பறை, எரிபொருள் ஆகிய மூன்று கட்டங்களும் இன்று வரலாற்று ஆவணங்களே. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட புதிய கணக்கெடுப்பின் வீட்டு அட்டவணை வெளிவரும்போது இந்தக் குறை நீங்கும்.

ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் மாவட்டவாரி வைப்புத்தொகை, கடன் விவரங்களையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கும் பெரிய ஆலைகளின் கடன் பெருநகரக் கிளைகளில் எழுதப்படுவதும், வெளியூரில் வேலை செய்பவர்கள் அங்கேயே கணக்கு வைத்திருப்பதும் படத்தைக் கலைக்கும். மற்றபடி தெருவில் நின்று கார் எண்ணிப் பார்க்கும் வழக்கமான முறைக்கு ஓசூரில் மதிப்பில்லை. ஓசூரின் டிஎன் 70 பலகைக்குச் சமமாகக் கர்நாடகத்தின் கேஏ பலகைகள் அங்கே ஓடுகின்றன.

பயன்பாட்டு வசதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவட்ட வருமான அட்டவணை சில ஆண்டுகள் பின்தங்கி வருகிறது. அடுத்தடுத்த வெளியீடுகளில் பழைய ஆண்டின் எண் திருத்தப்படுவதால், எந்த வெளியீட்டிலிருந்து எடுத்தோம் என்பதைக் குறித்துக்கொள்ளாமல் பயன்படுத்தக் கூடாது. நடப்பு விலையிலான எண்ணும் (அந்தந்த ஆண்டின் விலையில்) 2011-12 நிலையான விலையிலான எண்ணும் (விலையேற்றத்தை நீக்கி) பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும்போது, ஒரு மாவட்டத்துக்கு ஒன்றையும் இன்னொரு மாவட்டத்துக்கு மற்றதையும் எடுத்து ஒப்பிடும் பிழை நாளிதழ்களிலேயே நடக்கிறது. கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பிடிஎஃப் வடிவத்திலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். துறையின் இணையதளத்தில் கிடைக்கும் மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு இதைவிட வசதியானது. மழையளவு, பாசனப் பரப்பு, பள்ளிகள், கால்நடை, ஆலைகள் என்று ஒன்றியவாரியாகப் பல விவரங்கள் அதில் இருப்பதால், ஊராட்சிக்காகவோ ஒன்றியத்துக்காகவோ மனு எழுதுபவர்கள் வருமான அட்டவணையை விட்டுவிட்டு நேரே கையேட்டுக்குப் போகலாம்.

ஆலை, கிடங்கு, லாரி வாடகை, மின் தேவை போன்றவற்றைக் கணிக்க விரும்பும் தொழில்முனைவோருக்கு மாவட்ட வருமான அட்டவணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உற்பத்தி எங்கே குவிகிறது என்பதே அவர்களுக்கு வேண்டியது, அதை அது ஒழுங்காகச் சொல்கிறது. துணிக்கடையோ நகைக்கடையோ திறக்க இடம் தேடுபவர் அதை நம்பித் தருமபுரியைத் தள்ளிவிட்டால் நட்டம் அவருக்குத்தான். தேர்வர்கள் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். ஆண்டையும் விலை அடிப்படையையும் சேர்த்தே மனப்பாடம் செய்யட்டும். நிதிப் பகிர்வுக்காக இரண்டு மாவட்டங்களில் எது ஏழை என்று தீர்மானிப்பவர்கள், உடைமை ஏதுமற்ற வீடுகளின் கட்டத்தையும் எழுத்தறிவையும் வட்டவாரியாக எடுத்துக்கொண்டு, அஞ்செட்டியைப் பென்னாகரத்தோடும் ஓசூரைத் தருமபுரி நகரத்தோடும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். துறையிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் உண்டு: அட்டவணையின் கடைசியில் வெளியூர்க் கூலியாக மாவட்டத்துக்குள் வந்த பணத்துக்கும், இலாபமாக வெளியே போன பணத்துக்கும் தோராயமாகவேனும் இரண்டு கட்டங்கள். 2025 சனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வில் மாவட்டத்தையே அடிப்படைப் பிரிவாகக் கொள்ளத் தொடங்கிவிட்டதால், அந்தக் கட்டங்களை நிரப்புவது முன்பிருந்த அளவுக்குக் கடினமாக இருக்காது.